தேர் நாளில் வந்த ஹெக்ட்

போன மாதம் இங்கே சுவிஸில், துன் நகருக்குப் போகும் ரயிலில், எனக்கு முன்னாலிருந்த பெண் தன் பயணப் பையின் சிப்பை ஒரே இழுவையில் திறந்தாள். ஸ்ர்ர்ர்ர். நான் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். "தடியைத் தூக்குங்கோ! தூக்கிப் பிடியுங்கோ!" என்று என் வாய் தமிழில் கத்தியது. பெட்டியில் இருந்தவர்கள் தங்கள் பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கு அது சிப். எனக்குத் தூண்டில் தடியின் ரீல். ஒரு பெரிய மீன் தூண்டிலைக் கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் பாயும்போது நரம்பு அப்படித்தான் கழன்று ஓடும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்ட கை பிறகு சும்மா இருக்காது. ஹோட்டல் வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். ரயிலில் இறங்கும்போதே எதை எழுதுவது என்று முடிவாகிவிட்டது.

தீவு ஆள்

எங்கள் ஹோட்டல் இன்டர்லாக்கனுக்கு மேலே, மஞ்சள் போஸ்ட் பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது. பதினாறு அறை, ஒரு ஏரி, ஒரு வள்ளம். ஏரியில் பேர் சொல்லக்கூடிய மீன் இரண்டு. ஃபொரெல்லே, புள்ளி போட்ட பட்டுத் துண்டு மாதிரி. ஹெக்ட், பச்சை நிறத்தில் நீண்ட தாடை, தாடை நிறையப் பல், முதலைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சிலர் இந்த இரண்டில் பெரியதொன்றைப் பிடித்துப் படமெடுப்பதற்காகவே வருடா வருடம் மலை ஏறி வருவார்கள்.

நான் இங்கே கோப்பை கழுவ வந்தவன். அதற்கு முதல் துன்னில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறை, சோலோதுர்னில் ஒரு பேக்கரி, இன்டர்லாக்கனில் மூன்று ஹோட்டல்களின் குசினி. ஓரிடத்தில் கால் தரிக்காது எனக்கு. கோப்பை கழுவும் அறையை இங்கே ஆப்வாஷ் என்பார்கள். அதற்கு ஒரு சின்ன யன்னல். நீராவி விலகும் நேரங்களில் ஏரி தெரியும். விடியலில் பால், மத்தியானம் பச்சை, பின்னேரம் யாரோ செம்புக் குடத்தைக் கவிழ்த்துவிட்டதுபோல. பெரிய கறிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இதைப் பார்ப்பது ஒருவகைச் சித்திரவதை.

ஒருநாள் ஹோட்டல் முதலாளி ரெகுலா அம்மா, நாங்கள் சேஃபின் என்று கூப்பிடுபவர், ஆப்வாஷுக்குள் வந்தார். விருந்தாளிகளை மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் வள்ளக்காரருக்கு முழங்கால் போய்விட்டது.

"நாதன், நீர் தீவிலயிருந்து வந்தனீரெல்லோ?"

"ஓம்."

"அப்ப மீன் தெரியும். வள்ளம் தெரியும்."

சேஃபின் கதைத்தது பேர்ன் ஜெர்மன். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள், மாற்ற முடியவில்லை. நான் கோண்டாவில். எங்கள் வீட்டிலிருந்து கடலைப் பார்ப்பதென்றால் பஸ் எடுக்க வேண்டும். எனக்குப் பழக்கமான நீர்நிலை கிணறு. சேஃபினின் தோளுக்குப் பின்னால் யன்னலில் ஏரி மினுங்கிக்கொண்டு நின்றது.

"நல்லாத் தெரியும்" என்றேன்.

அடுப்படியில் நின்ற தவம் அண்ணை சட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் எங்கள் தலைமைச் சமையல்காரர், மட்டக்களப்பு வாவிக் கரையில் பிறந்தவர். மீன் தெரிந்த ஆள் உண்மையில் அவர்தான்.

"தீவு ஆளாம்! மனே, உனக்குக் கிணத்தில வாளி விடத்தான் தெரியும்."

"அப்ப நீங்கள் போங்கோவன் அண்ணை."

"எனக்குக் குளிர் சரிவராது. நான் அடுப்போட இருக்கன். நீ போய் விறை."

நங்கூரம்

பாட்டன்ட், அதாவது மீன்பிடி அனுமதி, எடுப்பதற்கு ஒரு சோதனை உண்டு. படம் பார்த்துப் பாடமாக்கிப் பாஸ் பண்ணினேன். எந்த மீனுக்கு எத்தனை செட்டை என்று கேட்டால் சொல்வேன். வள்ளத்தை நேராக ஓட்டத் தெரியாது.

முதல் விருந்தாளி டொக்டர் ஃப்ளூரி. சோலோதுர்னில் நாற்பது வருடம் பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர், நீண்ட மெல்லிய மனிதர். ஏரியின் நடுவே, அடி திடீரென்று இறங்கும் இடத்தில், "இஞ்ச நங்கூரத்தைப் போடும்" என்றார். தூக்கி எறிந்தேன். அழகான எறி. நங்கூரம் போனது, அதன் பின்னால் கயிறு போனது, அதன் பின்னால் கயிற்றின் மறு நுனியும் போனது.

டொக்டர் அந்த நீர்வளையத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறை வள்ளத்தில கட்டிப்போட்டுத்தான் எறியிறது வழக்கம்" என்றார். "உங்கட தீவில வேற மாதிரியோ?"

எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஆப்வாஷ் யன்னல் கண்ணுக்குள் வந்தது. "ஹெர் டொக்டர், எனக்கு இந்த வேலை ஒண்டும் தெரியாது" என்றேன். "எங்கட ஊரில கிணறுதான்."

அவர் தடியைக் கீழே வைத்தார். "நான் வேலை தொடங்கின முதல் நாள் பிடுங்கினது பிழையான பல்லு. இந்த ரெண்டும் இந்த வள்ளத்துக்குள்ள இருக்கட்டும்."

அந்தக் கிழமை முழுதும் விருந்தாளி வள்ளக்காரனுக்கு வேலை பழக்கினார். சேஃபினுக்குக் கயிறு இற்றுவிட்டது என்று சொன்னோம்.

வெறும் பலகை

டொக்டர் ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு கிழமை வருவார். ஒரே ஆசை: ஒரு மீட்டர் ஹெக்ட். இந்த நாட்டில் தூண்டில்காரருக்கு அது ஒரு எல்லைக்கோடு. தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டர் மீன். நூறு சென்டிமீட்டர் சரித்திரம். பெரிய ஹெக்ட்டின் தலையைப் பதப்படுத்தி, வாயைப் பிளந்தபடி பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டுவார்கள். டொக்டர் வீட்டுக் கராஜில் அதற்கென்று வால்நட் பலகை ஒன்று முன்கூட்டியே ஆணியில் தொங்குகிறது, மீன் இல்லாமல். அவருடைய பெரிய மீன் தொண்ணூற்றுநான்கு. என் துடுப்பில் சென்டிமீட்டர் அடையாளங்கள் போட்டு, ஒரு மீட்டருக்குக் கத்தியால் பெரிய கோடு கீறி வைத்திருந்தோம். அந்தக் கோட்டை எந்த மீனின் வாலும் தொட்டதில்லை.

ஆறாவது வருடம் வந்தபோது கோப்பிக் கோப்பை அவர் கையில் கிலுகிலுத்தது.

"பிள்ளையள் சொல்லிப்போட்டினம்" என்றார். "இதுதான் கடைசி முறை. இனி வள்ளத்தில ஏறப்பிடாதாம்."

அன்று பின்னேரமே சேஃபின் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் தண்ணீரின் மேல் பலகையில் நின்றபடி துடுப்புப் போடும் அழகான பெண்கள்.

"மீன் பிடிக்க இனி ஆர் வாறான், நாதன்? ஒரு டொக்டர். அவருக்கும் ஆறு வருஷமாப் பெரிசு ஒண்டும் இல்லை. இந்தக் கிழமை ஒரு பெரிய ஹெக்ட்டின்ர படம் வரவேற்பறைச் சுவரில தொங்க வேணும். அதைப் பார்த்தால் நாலு பேர் வருவினம். இல்லாட்டி வள்ளத்தை வித்துப்போட்டு இந்தப் பலகையள் வாங்கப்போறன்."

"அப்ப நான்?"

"ஆப்வாஷில இடம் கிடக்கு."

எழும்பும்போது கேட்டேன்: "மீன் அள்ளுற கைவலை கிழிஞ்சுபோச்சு. புதுசு ஒண்டு..."

"முதல் மீன். பிறகு வலை."

நான் குசினிக்குப் போய், தவம் அண்ணை இறைச்சி கட்டும் நூலில் கொஞ்சம் எடுத்து, ஓட்டையைத் தைத்துக்கொண்டேன்.

சிக்னல் மூலை

இந்தக் கதையெல்லாம் நடக்கும்போது யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் கொடி ஏறினால் மீன்சட்டி பரணுக்கு ஏறும். இருபத்தைந்து நாளும் சைவம். உயிரெடுப்பது என்ற கதையே இல்லை. என்ன செய்வது, முருகனுக்கும் ஆவணிதான், ஹெக்ட்டுக்கும் ஆவணிதான் சீசன். ஆகவே நான் எனக்கென்று ஒரு சட்டம் இயற்றி வைத்திருந்தேன். பிடிப்பது விருந்தாளி. அள்ளுவது வலை. அடித்துக் கொல்வது விருந்தாளி. நான் துடுப்பு மட்டும்.

திங்கள் முதல் வியாழன் வரை ஆழத்தில் தவம் கிடந்தோம். இரண்டு சின்ன ஃபொரெல்லே, ஒரு சப்பாத்து. டொக்டரின் கடைசி நாள் தேர்த் திருவிழா அன்றைக்கு விழுந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் ஹோட்டல் தொலைபேசிக்கு மனைவி வதனி எடுத்தாள்.

"நாளைக்குத் தேர். தேர் இருப்பிடத்துக்கு வாறதையெண்டாலும் போனில பாருங்கோ. இஞ்சத்த சுவிஸ் நேரம் விடிய ஆறு மணிக்கு வரும்."

"ஏரியில சிக்னல் இல்லையப்பா."

"சிக்னல் உள்ள இடத்துக்குப் போங்கோ. வள்ளம் உங்கட கையிலதானே கிடக்கு."

சிக்னல் உள்ள இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெற்கு மூலை. மேட்டுத் தொழுவத்து மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இடம். முழங்கால் ஆழம், பாசி, சாணி. ஆறு வருடத்தில் ஒருவரும் அங்கே தூண்டில் போட்டதில்லை.

அடுத்தநாள் மலைகளுக்கு நிறம் வரமுன்னர் வள்ளத்தைத் தெற்கே திருப்பினேன்.

"எங்க போறம்?" என்றார் டொக்டர்.

"இண்டைக்கு ஹெக்ட் அந்த மூலையில நிக்கும், ஹெர் டொக்டர்."

"மாடு சாணி போடுற இடத்திலயோ?"

"காத்து அப்பிடி."

ஒரு இலைகூட ஆடவில்லை. முன்பு நங்கூரம் போன நீரைப் பார்த்த அதே பார்வையால் என்னைப் பார்த்தார். பிறகு போலி மீனைத் தூண்டிலில் கொழுவி வீசத் தொடங்கினார்.

நான் போனைச் சட்டைப் பையில் நிறுத்தினேன். திரையின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. நாதஸ்வரம், தவில், ஆயிரம் தொண்டை. கரையில் மாட்டு மணிகள். கோயில் எது தொழுவம் எது என்று தெரியாமல் இரண்டும் பனிப்புகாருக்குள் கலந்தன.

"உம்மட நெஞ்சுக்குள்ள ஆர் கத்துறது?"

"எங்கட கோயில் தேர், ஹெர் டொக்டர். சனம் கயிறு பிடிச்சு இழுக்குது."

"பந்தயமோ?"

"இல்லை, மெல்லமாத்தான் போகும்."

"ஆர் வெல்லுறது?"

"முருகன்."

"ஒவ்வொரு வருஷமுமோ?"

"ஒவ்வொரு வருஷமும்."

அவர் தலையாட்டி முடிக்கவில்லை. ஸ்ர்ர்ர்ர்ர்.

தடி வளைந்து தண்ணீரைத் தொட்டது. முழங்கால் ஆழத்தில் ஒரு பச்சை மரக்குற்றி உயிர்பெற்று ஓடியது. மாடுகள் பின்வாங்கின. "தடியைத் தூக்குங்கோ!" என்று நான் கத்த, போன் "அரோகரா!" என்று கத்த, டொக்டர் சோலோதுர்ன் ஜெர்மனில் ஒரு பல் வைத்தியர் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார். தடியும் நடுங்கியது, கையும் நடுங்கியது. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கால்மணி நேரம். கடைசியில் அது களைத்துப் பக்கவாட்டில் சாய, நான் வலையைக் கீழால் கொடுத்து அள்ளினேன்.

துடுப்பை வலைக்குள் நீட்டி அளந்தோம். வால் கோட்டைத் தாண்டியது.

"திருப்பிப் பாரும்."

திருப்பிப் பார்த்தேன். "நூற்றிமூண்டு, ஹெர் டொக்டர்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். பிறகு மீனை அடிக்கும் மரக்கட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஆர் அடிக்கிறது

எங்கள் ஏரியில் ஹெக்ட்டைத் திருப்பி விடக்கூடாது. அது ஃபொரெல்லேக் குஞ்சுகளை விட்டுவைக்காது. வேதனைப்பட வைக்கவும் கூடாது. தலையில் ஒரே அடி, உடனே. விதி அது.

"நீங்கள்தானே வழமையா அடிக்கிறது?" என்றேன்.

"இந்தக் கையாலயோ?" கட்டை காற்றில் ஆடியது. "அடி பிழைச்சால் அதுக்கு நோகும். நாற்பது வருஷம் மயக்க ஊசி போடாமல் நான் ஒருத்தற்ற வாயிலயும் கை வைச்சதில்லை."

"இண்டைக்குத் தேர், ஹெர் டொக்டர். இருபத்துநாலு நாள் சைவமா இருந்திட்டன்."

"உம்மட கடவுள் வேல் வைச்சிருக்கிறார் எண்டு சொன்னனீரே."

"அது சூரனுக்கு."

"இதின்ர மூஞ்சையைப் பாரும். இது சூரன் இல்லையோ?"

"சூரனையும் அவர் கொல்லேல்லை. மயிலும் சேவலுமா ஆக்கினவர்."

டொக்டர் வலைக்குள் எட்டிப் பார்த்தார். "இதை நாங்கள் என்னவா ஆக்கிறது?"

நல்லவேளை, சிக்னல் இருந்தது. குசினித் தொலைபேசியில் தவம் அண்ணையைப் பிடித்தேன். "அண்ணை, இறங்குதுறைக்கு ஓடி வாங்கோ. ஹெக்ட். மீட்டருக்கு மேல."

"மெய்யா மனே? இந்தா வாறன்!"

வலையை வள்ளத்தின் பக்கமாகத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, டொக்டர் இரண்டு கையாலும் பிடியைப் பிடிக்க, நான் துடுப்பு வலித்தேன். அங்கே தேர் தன் இருப்பிடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. இங்கே எங்களுடையதும். "கெதியா, கெதியா" என்றார் டொக்டர். "தேர் மெல்லமாத்தான் வரும்" என்றேன், வியர்வை ஓட.

இறங்குதுறையை நெருங்க, ஹோட்டல் வைஃபை பிடித்துச் சட்டைப் பையில் தவில் மீண்டும் கேட்டது. அங்கே குளியல் அங்கியோடு விருந்தாளிகள், கமெராவோடு சேஃபின், ஏப்ரனோடு தவம் அண்ணை. அண்ணை குனிந்து மீனைப் பார்த்தார். கனகாலம் காணாத சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் கட்டையை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மனே, இண்டைக்குத் தேரெல்லோ."

"நீங்கள் மட்டக்களப்பு! நல்லூர்த் தேருக்கும் உங்களுக்கும் என்ன?"

"என்ட மனிசி யாழ்ப்பாணம். இருவத்தஞ்சு நாளும் நான் மீனை வெட்டுவன், பொரிப்பன். வாயிலயும் வைக்கிறல்ல, உயிரும் எடுக்கிறல்ல."

"அப்ப ஏன் ஓடி வந்தனீங்கள்?"

"பாக்க ஆசை இராதா?"

"என்ன மாநாடு இது?" என்றார் சேஃபின். விளங்கப்படுத்தினோம். கமெராவை ஒரு விருந்தாளியிடம் கொடுத்துவிட்டுக் கையை மடித்துவிட்டார். "மூண்டு ஆம்பிளையள், ஒரு மீன். தள்ளுங்கோ. நான் மலையில பிறந்தவள்."

கட்டையை வாங்கிக் கடைசிப் படியில் முழங்காலில் நின்றார். ஓங்கினார். தலை வெளியே வருவதற்காக நான் வலையின் விளிம்பை உயர்த்தினேன்.

இறைச்சி கட்டும் நூல் இறைச்சி கட்டுவதற்கு. நூற்றுமூன்று சென்டிமீட்டர் ஹெக்ட்டின் கோபத்தைக் கட்டுவதற்கல்ல. டப் என்று ஒரு சத்தம். வால் ஒருமுறை மடிந்து விரிந்தது. அரை ஏரி எழும்பிச் சேஃபினின் முகத்தில் விழுந்தது. கட்டை மிதந்தது. ஆழத்தை நோக்கி ஒரு பச்சை நிழல், பிறகு வெறும் தண்ணீர். என் சட்டைப் பைக்குள் தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. "அரோகரா!"

சேஃபினின் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வேணுமெண்டு விட்டனீரோ?"

நான் வலையைத் தூக்கிக் காட்டினேன்.

"இது என்ட ரோஸ்ட் கட்டுற நூலெல்லோ!" என்றார் தவம் அண்ணை.

"புது வலை கேட்டனான், சேஃபின்" என்றேன்.

வள்ளத்துக்குள் டொக்டரின் தோள்கள் குலுங்கின. ஆறு வருடம், வெறும் பலகை, கடைசி நாள். அருகே போய்க் கையைப் பிடித்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். விக்கல் வரும்வரை சிரித்தார். "ஊசி போடமுன்னம் கதிரையை விட்டு எழும்பி ஓடினவங்களைக் கண்டிருக்கிறன்" என்றார். "இப்பிடி ஒருத்தரைக் காணேல்லை."

கமெரா வைத்திருந்த விருந்தாளி சரியான நொடியில் அமத்திவிட்டார். வரவேற்பறைச் சுவரில் இப்போது அந்தப் படம்தான். நடுவில் முழு மீன் காற்றில், ஒரு பக்கம் கட்டை ஓங்கிய சேஃபின், மறுபக்கம் வாய் பிளந்த மூன்று ஆண்கள். செத்த மீனைக் காட்டியிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இது இன்னும் தண்ணீருக்குள் நிற்கிறது என்றதும் அந்தக் கிழமையே வள்ளம் கேட்டுத் தொலைபேசி வரத் தொடங்கியது. சேஃபின் பலகை வாங்கவில்லை. புது வலை வாங்கினார்.

கடைசியாக

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நங்கூரத்தைக் கட்டிவிட்டு எறியுங்கள். ஒரு வேலையின் நூலால் இன்னொரு வேலையின் கிழிசலைத் தைக்காதீர்கள். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி உள்ளே வந்திருந்தால், வேலை பார்க்கும் முதல் மனிதரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன முதல் மனிதர் நல்லவராக இருந்தார். அது என் கெட்டித்தனம் இல்லை, ஆனால் என் வள்ளம் இன்றைக்கும் தண்ணீரில் நிற்பது அதனால்தான்.

தேருக்கு அடுத்தநாள் டொக்டரின் தடிகளைச் சுமந்துகொண்டு பஸ் நிற்கும் இடம்வரை இறங்கினேன். சரிவான இடங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் பஸ் வந்தது. ஏற்றிவிட்டுக் கேட்டேன்:

"பலகையை என்ன செய்யப்போறீங்கள்?"

"ஆணியிலதான் கிடக்கும்."

"பிள்ளையள்...?"

"பிள்ளையளோட நான் கதைக்கிறன்." படியில் நின்று திரும்பினார். "மாட்டு மூலையில சிக்னல் நல்லா எடுக்கும் எண்டு எனக்கும் தெரியும், நாதன். ஒவ்வொரு வருஷமும் மகளுக்கு அங்க கரையில நிண்டுதான் கதைக்கிறனான்."

என் கை தானாகச் சட்டைப் பையில் கிடந்த போனைப் பொத்தியது. கதவு மூடத் தொடங்கியது. அவர் ஒரு கையால் அதைத் தடுத்துப் பிடித்தார்.

"அதுசரி, உங்கட தேர் வாற வருஷம் எத்தினையாந் திகதி? அந்தக் கிழமைக்கு அறை பதியவேணும்."